4,000 வெள்ளி எங்கே செல்லும், எங்கே செல்லாது: சிங்கப்பூரின் பயிற்சி மானியங்களைப் புரிந்துகொள்வது எப்படி

சிங்கப்பூரில் நாற்பது வயதைத் தொட்ட குடிமகன் ஒருவர், அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக, பயிற்சிக்கான தம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கைத் திறந்தால், 2024 மே மாதத்திலிருந்து அங்கே 4,000 வெள்ளி என்று ஒரு தொகை நிற்கிறது. அதை நம்பி விருப்பமான வகுப்பொன்றைத் தேடிப் போனால், அந்த வகுப்புக்கு இத்தொகை செல்லாது என்ற பதில் வரலாம். செல்லும் வகுப்பு கிடைத்தாலும் குழப்பம் தீர்வதில்லை. ஒரே வகுப்புக்கு மூன்று நான்கு விலைகள் போட்டிருக்கும். 70 விழுக்காடு மானியம் என்று எழுதியிருக்கும் 1,000 வெள்ளி வகுப்புக்கு 300 வெள்ளி கேட்பதற்குப் பதிலாக 390 வெள்ளி கேட்பார்கள்.

யாரோ ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பலருக்கு எழுகிறது. உண்மையில், வெவ்வேறு நோக்கத்துக்காக வெவ்வேறு காலத்தில் உருவான மூன்று தனித்தனிப் பணங்களை நாம் ஒரே பெயரால் அழைத்து வருகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு விளங்கிவிடும். கணக்கு விளங்கிய பிறகுதான், வேலை செய்துகொண்டே படிக்க விரும்பும் ஒருவருக்கு உண்மையான தடை கட்டணம்தானா என்ற பெரிய கேள்விக்கு வர முடியும்.

## பெரியவர்களின் பயிற்சிக்கு அரசு ஏன் பணம் தருகிறது

குளிர்சாதனப் பழுதுபார்ப்பு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதிய வகைக் கருவிகளைக் கையாளத் தம் ஊழியர் ஒருவரை முதலாளி மூன்று மாத வகுப்புக்கு அனுப்புகிறார். கட்டணமும் அவருடையது, வகுப்பு நேரத்துக்கான சம்பளமும் அவருடையது. வகுப்பு முடிந்த அடுத்த மாதம், பக்கத்துத் தெரு நிறுவனம் 200 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து அந்த ஊழியரை அழைத்துக்கொள்கிறது. செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. இது இரண்டு முறை நடந்தால் மூன்றாம் முறை அந்த முதலாளி யாரையும் அனுப்பமாட்டார். எல்லா முதலாளிகளும் இப்படியே நினைத்தால், எல்லாருக்கும் தேவையான திறனை யாருமே கற்றுத் தரமாட்டார்கள்.

ஊழியரின் பக்கமிருந்து பார்த்தாலும் நிலைமை இதேதான். வீட்டை ஈடாகக் காட்டினால் வங்கி கடன் தரும்; இனிமேல் கற்கப்போகும் திறனை ஈடாக வைக்க முடியாது. ஆகவே பயிற்சி என்பது, தனிமனிதரின் கையிலும் தனி நிறுவனத்தின் கையிலும் மட்டும் விட்டால் தேவையைவிடக் குறைவாகவே நடக்கும் ஒரு செயல்.

இந்தச் சிக்கலுக்கு சிங்கப்பூர் 1979இல் ஒரு தீர்வு கண்டது. திறன் மேம்பாட்டுத் தீர்வைச் சட்டத்தின்கீழ் எல்லா முதலாளிகளும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். பயிற்சி கொடுப்பவர்கள் அந்த நிதியிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். பயிற்சி தராமல் ஆள் பிடிப்பவரும் இதனால் செலவில் பங்கு கொள்கிறார். இன்றைய விகிதத்தில் இத்தீர்வை, மாதச் சம்பளத்தின் முதல் 4,500 வெள்ளியில் 0.25 விழுக்காடு, ஓர் ஊழியருக்கு மாதம் குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11.25 வெள்ளி. 3,000 வெள்ளி சம்பளத்துக்கு 7.50 வெள்ளி வரும். ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை நிர்வகிக்கும் மத்திய சேம நிதிக் கழகம் இதை வசூலிக்கிறது. ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிப்பதற்கு அனுமதியில்லை. இத்துடன் அரசின் வரவு செலவுத் திட்ட ஒதுக்கீடும் சேர்ந்தே இன்றைய மானியங்கள் நடக்கின்றன.

நீண்ட காலம் இந்தப் பணம் பெரும்பாலும் முதலாளிகள் வழியாகவே ஊழியரை அடைந்தது. எந்த வகுப்பு, எப்போது, யாருக்கு என்பதை நிறுவனம் தீர்மானித்தது. 2015 வரவு செலவுத் திட்டத்தில், அப்போது நிதியமைச்சராக இருந்த தர்மன் சண்முகரத்னம், பயிற்சிப் பணத்தின் ஒரு பகுதியை ஊழியரின் சொந்தக் கணக்கிலேயே வைக்கும் திட்டத்தை அறிவித்தார். 2016 ஜனவரியில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குத் தலா 500 வெள்ளி கிடைத்தது. இன்றைய குழப்பத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. பழைய வழி மூடப்படாமல் இருக்க, அதன் பக்கத்திலேயே புதிய வழி ஒன்றும் திறந்துவிட்டது.

## மூன்று பணங்கள்

1. கட்டண மானியம். இது பயிற்சி நிலையத்துக்குப் போகிறது. உங்கள் கணக்கைத் தொடுவதே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட வகுப்பாக இருந்தால், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடிப்படை மானியம் பெரும்பாலும் 50 விழுக்காடு. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு, ஊழியரணித் திறன் தகுதிச் (WSQ) சான்றிதழ் வகுப்புகளில் அது 70 விழுக்காடு வரை உயரும். பலதுறைத் தொழிற்கல்லூரி போன்ற பொதுக் கல்வி நிலையங்களின் பல வகுப்புகளிலும், வேலை மாற விரும்புவோருக்கான வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டத்திலும் 90 விழுக்காடு வரை போகும். குறைந்த வருமான ஊழியர்களுக்கான வேலைநலன் திறன் ஆதரவுத் திட்டத்தில் 95 விழுக்காடு வரை உண்டு.

2. சிறப்புத்தொகை. மானியம் போக மீதமுள்ள கட்டணத்தைக் கட்டுவதற்காகக் கணக்கில் நிற்கும் தொகை இது. குடிமக்களுக்கு மட்டுமே உரியது. ரொக்கமாக மாற்ற முடியாது. இதிலேயே பல வகை இருப்பதுதான் தலைவலி. 2016இல் வந்த 500 வெள்ளிக்குக் காலாவதி இல்லை. 2020இல் கூடுதலாக வந்த 500 வெள்ளி 2025 டிசம்பர் 31உடன் காலாவதியானது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சராக லாரன்ஸ் வோங் அறிவித்த 4,000 வெள்ளிக்குக் காலாவதி இல்லை. இப்போது 40 ஆகாதவர்களுக்கு 40 ஆகும்போது அது வரும்.

3. பயிற்சிப் படித்தொகை. படிப்பதற்காக இழக்கும் சம்பளத்தை ஓரளவு ஈடுகட்டும் பணம் இது. கட்டணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட முழுநேர வகுப்பில் சேரும், 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமகனுக்கு, அண்மைய 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி என்ற உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 24 மாதங்கள் வரை பெறலாம். 2025இல் இது நடைமுறைக்கு வந்தது. பகுதிநேர வகுப்புகளுக்கு 2026 முதல் மாதம் 300 வெள்ளி என்று அவ்வாண்டுக்கு முந்தைய வரவு செலவுத் திட்டம் அறிவித்தது.

முதலாவது விலையைக் குறைக்கிறது, இரண்டாவது குறைந்த விலையைக் கட்டுகிறது, மூன்றாவது வீட்டுச் செலவைத் தாங்குகிறது.

## ஒரு கட்டணப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால்

மேலே சொன்ன 390 வெள்ளிக்கு வருவோம். வகுப்பின் முழு விலை 1,000 வெள்ளி. பொருள் சேவை வரி 9 விழுக்காடு. பல தனியார் பயிற்சி நிலையங்களின் பட்டியலில் இந்த வரி, மானியம் கழிந்த தொகைக்கு அல்ல, முழு விலைக்கே கணக்கிடப்படுகிறது. ஆகவே வரி 90 வெள்ளி. 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மானியம் 500 போக 500 மீதி, வரியுடன் 590. 40 வயதானவருக்கு மானியம் 700 போக 300 மீதி, வரியுடன் 390. 70 விழுக்காடு மானியம் என்ற அறிவிப்பும் சரி, 390 என்ற விலையும் சரி.

பிறகு அந்த 390 வெள்ளியைச் சிறப்புத்தொகையிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னால், கையிலிருந்து ஒரு காசும் போவதில்லை. இந்த நிலைமையை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 1,000 வெள்ளிக்கு விற்கப்படும் ஒரு பொருளை வாங்குபவர் ஒன்றும் கொடுப்பதில்லை. ஆகவே அது 1,000 வெள்ளி பெறுமா என்று கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. விற்பவருக்கு 700 வெள்ளி அரசிடமிருந்து உறுதியாக வருகிறது. விலையைக் கேள்வி கேட்கும் ஆள் சந்தையில் இல்லாமல் போகும்போது, தரம் குறைந்த வகுப்புகளும் பொய்க் கணக்குகளும் நுழைவதற்கு வாசல் அகலமாகிவிடுகிறது.

அது நடந்தும் விட்டது. 2017இன் தொடக்கத்தில், வகுப்புக்கே போகாமல் சிறப்புத்தொகைக்குக் கோரிக்கை வைத்தவர்கள் ஏறத்தாழ 4,400 பேர் என்றும், தொகை ஏறத்தாழ 22 லட்சம் வெள்ளி என்றும் தெரியவந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளிப்பட்டதன் அளவு வேறு. ஒன்பது நிறுவனங்களைப் பின்னிப் பயன்படுத்திய ஒரு குற்றக் கும்பல், நடக்காத பயிற்சிக்கு மானியம் கோரி ஏறத்தாழ 4 கோடி வெள்ளியைப் பெற்றிருந்தது. மானியம் பெறும் வகுப்புகளுக்குப் போகிறவர்கள் இன்று சந்திக்கும் கட்டுப்பாடுகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். சிறப்புத்தொகை மாணவர் கைக்கு வராமல் நேரே பயிற்சி நிலையத்துக்குப் போகிறது. வகுப்பறையில் திரையில் தெரியும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் சிங்பாஸ் கொண்டு வருடி வருகையைப் பதிய வேண்டியிருக்கிறது. பொதுவாகக் குறைந்தது 75 விழுக்காடு வருகையும் மதிப்பீட்டில் தேர்ச்சியும் இல்லையென்றால் மானியம் கைவிட்டுப் போகும். நிலையம் முழுக் கட்டணத்தையும் கேட்கலாம்.

4,000 வெள்ளி எல்லா வகுப்புக்கும் செல்லாததற்கும் இதுவே காரணம். பழைய 500 வெள்ளி பரந்த பட்டியலுக்குச் செல்லும். புதிய தொகையோ, வேலைவாய்ப்பைக் கூட்டும் என்று கருதித் தேர்ந்தெடுக்கப்பட்ட (2024இல் ஏறத்தாழ 7,000) வகுப்புகளுக்கு மட்டுமே செல்லும்: பட்டயப் படிப்புகள், பட்டப் படிப்புகள், வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்ட வகுப்புகள், சம்பளப் படிகளோடு இணைந்த சான்றிதழ்கள் போன்றவை. இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் பட்டியலில் ஒரு வகுப்பு இருக்கிறது என்பதை, அதைப் படித்தால் வேலை நிச்சயம் என்று யாரும் பொருள்கொள்ளக் கூடாது.

## பெரிய செலவு கட்டணமன்று, நேரம்

மானியத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. வேலையில் இருக்கும், குடும்பம் உள்ள ஒருவருக்குக் கணக்கு வேறு மாதிரி விழுகிறது.

44 வயதான, மாதம் 4,200 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவர், வேலையை விட்டு ஆறு மாத முழுநேர வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்ட வகுப்பில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். வகுப்பின் முழு விலை 8,000 வெள்ளி என்றால், 90 விழுக்காடு மானியம் போக 800 வெள்ளியும் வரி 720 வெள்ளியுமாக 1,520 வெள்ளி கட்ட வேண்டும். அவருடைய 4,000 வெள்ளி அதைக் கட்டிவிட்டு 2,480 வெள்ளியை மீதமும் வைக்கும். கட்டணத்தைப் பொறுத்தவரை அவருக்குச் சிக்கலே இல்லை.

சம்பளத்தைப் பாருங்கள். ஆறு மாதத்தில் அவர் இழப்பது 25,200 வெள்ளி. படித்தொகை மாதம் 2,100 வீதம் 12,600 வெள்ளியைத் திருப்பித் தரும். மீதி 12,600 வெள்ளி பள்ளம்தான். அதற்கு மேல், முதலாளி இல்லாததால் மத்திய சேம நிதியில் முதலாளி போடும் 17 விழுக்காடும் நின்றுவிடுகிறது. மாதம் 714 வெள்ளி என்றால் ஆறு மாதத்தில் 4,284 வெள்ளி. வீட்டுக் கடன் தவணை சேம நிதியிலிருந்தே போகும் குடும்பத்துக்கு அந்த நிறுத்தம் அடுத்த மாதமே தெரியும். ஆக, கட்டணத்துக்கு மானியமும் சிறப்புத்தொகையும் இருக்கின்றன. 16,000 வெள்ளிக்கும் அதிகமான வருமானப் பள்ளத்தைச் சேமிப்பைக் கொண்டே கடக்க வேண்டியிருக்கிறது.

படித்தொகை என்ற ஒன்று வருவதற்கு முன் இதிலுள்ள சம்பளப் பள்ளம் இரு மடங்கு ஆழமாக இருந்தது. அந்த வகையில் 2025இன் மாற்றம், கட்டண மானியத்தை இன்னும் ஐந்து விழுக்காடு கூட்டுவதைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

பகுதிநேரமாகப் படிப்பவர் சம்பளத்தை இழக்கமாட்டார், ஆனால் தூக்கத்தை இழப்பார். மாலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடியும் வகுப்புகள், அலுவலக நேர வேலை உள்ளவரை மனத்தில் வைத்து அமைந்தவை. ஜூரோங்கில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து இரவு எட்டு மணிக்கு வெளியே வரும் ஒருவரால் பாய லேபாரில் ஏழு மணிக்கு உட்கார முடியாது. மாதம் 300 வெள்ளி அவருக்குப் போக்குவரத்துக்கும் புத்தகத்துக்கும் உதவும். ஷிஃப்ட்டை மாற்றித் தராது. முதலாளி மனம் வைத்தால்தான் அது நடக்கும். அதற்காகவே, ஊழியர் வகுப்பில் இருக்கும் நேரத்துக்கு மணிக்கு 4.50 வெள்ளி வீதம் முதலாளிக்கு ஈடு தரும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அத்தொகை ஒரு சிறு கடைக்காரருக்கு மாற்று ஆள் வைக்கப் போதாது.

## சான்றிதழ் எப்போது சம்பளமாக மாறும்

மானியமுள்ள வகுப்பை முடித்தும் சம்பளம் உயரவில்லை என்ற ஆதங்கம் பரவலாக இருக்கிறது. அதற்கான விளக்கத்தைப் பாதுகாவல் துறையில் காணலாம்.

பாதுகாவல் துறையில் 2016 முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை நடைமுறையில் இருக்கிறது. பாதுகாவல் அதிகாரி, மூத்த பாதுகாவல் அதிகாரி, மேற்பார்வையாளர் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் எந்தெந்தப் பயிற்சிச் சான்றிதழ்கள் வேண்டும் என்பதும், குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. தொடக்கப் படிக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி. அது ஆண்டுதோறும் ஏறி 2028இல் 3,530 வெள்ளியாகும். இந்தச் சம்பளத்தைக் கொடுக்காத நிறுவனம் தன் உரிமத்துக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறது. இங்கே, சான்றிதழோடு பதவி உயர்வும் வந்தால் சம்பளம் எவ்வளவு உயரும் என்பதை ஊழியர் வகுப்பில் சேர்வதற்கு முன்பே வெள்ளிக் கணக்கில் அறிய முடிகிறது.

தரவுப் பகுப்பாய்வு, மின்னிலக்க விளம்பரம் போன்ற துறைகளில் அப்படி எழுதப்பட்ட படி எதுவும் இல்லை. வேலைக்கு எடுப்பவர் சான்றிதழைப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். முன்பு செய்த வேலையைக் காட்டச் சொல்வார். இரண்டு நாள் வகுப்பின் சான்றிதழ் அங்கே எடைபோடாது. சான்றிதழோடு பணத்தை இணைக்கும் விதி எங்கே இருக்கிறதோ அங்கே அது சம்பளமாகிறது. விதி இல்லாத இடத்தில், உண்மையில் கைவந்த திறன் மட்டுமே சம்பளமாகிறது.

இதே தர்க்கத்தின் இன்னொரு முகத்தைத் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களில் உழைப்பவர்கள் நன்றாக அறிவார்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் கட்டுமான ஊழியர், அடிப்படைத் திறன் பிரிவில் இருந்தால் அவருக்காக முதலாளி கட்டும் வெளிநாட்டு ஊழியர் தீர்வை 2024 முதல் மாதம் 900 வெள்ளி. உயர்திறன் பிரிவில் இருந்தால் 500 வெள்ளி. அந்தப் பிரிவுக்குப் போக, திறன் தேர்வு ஒரு முக்கிய வழி. தேர்வில் தேறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அதில் ஊழியரின் சம்பளத்துக்கு எவ்வளவு வரும் என்பது பேரத்தைப் பொறுத்தது. மேலே விவரித்த கட்டண மானியம், சிறப்புத்தொகை, படித்தொகை மூன்றும் அவருக்கு இல்லை. ஆனால் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் திறன் மேம்பாட்டுத் தீர்வை, வெளிநாட்டு ஊழியர்கள் உட்பட இங்கே வேலை செய்யும் எல்லாருடைய சம்பளத்தின் பேரிலும் கட்டப்படுகிறது. அவருடைய உழைப்பின் பேரிலும் மாதந்தோறும் பணம் போகும் நிதியிலிருந்து, அவருடைய தேர்வுக்கும் பயிற்சிக்கும் ஒரு சிறு பங்காவது திரும்ப வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

கணக்கில் 4,000 நிற்கிறது, அதற்கு என்ன வகுப்பு கிடைக்கும் என்று தொடங்குவது தலைகீழ் வரிசை. கீழே உள்ள வரிசையில் போனால் பெரும்பாலான ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

1. முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள். போக விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் இருபதை எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சான்றிதழையோ திறனையோ குறித்துக்கொள்ளுங்கள். எதிலுமே கேட்கப்படாத சான்றிதழ் என்றால், விளம்பரம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அந்த வகுப்பைத் தள்ளிவையுங்கள்.

2. வகுப்பு ஒரு பெரிய தகுதியின் பகுதியா என்று கேளுங்கள். ஊழியரணித் திறன் தகுதி முறையில் சிறு பாடக்கூறுகள் சேர்ந்து முழுப் பட்டயமாகும் வழி உண்டு. இன்று எடுக்கும் மூன்று நாள் வகுப்பு இரண்டாண்டுகள் கழித்துப் பட்டயத்தில் சேருமென்றால் அதன் மதிப்பே வேறு.

3. மானியம் கழிந்த விலையை வரியோடு எழுத்தில் வாங்குங்கள். இடையில் விலக நேர்ந்தால் அல்லது தேர்ச்சி பெறாவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்பதையும் அதே தாளில் கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகு இதைக் கேட்பதில் பயனில்லை.

4. சிறப்புத்தொகைக்கான கோரிக்கையை வகுப்பு தொடங்கும் நாளுக்குள் நீங்களே சிங்பாஸ் வழியாகப் போடுங்கள். உங்களுக்காகப் போட்டுத் தருவதாகச் சொல்லும் எவரிடமும் சிங்பாஸ் விவரங்களைக் கொடுக்காதீர்கள். வகுப்புக்கு வந்தால் பரிசு அட்டை, ரொக்கம் என்று சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். பொய்க் கோரிக்கை வெளிப்படும்போது உங்கள் பெயரும் அதில் இருக்கும்.

5. முழுநேர வகுப்பென்றால், வேலை விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே படித்தொகைக்கு அந்த வகுப்பு தகுதி பெற்றதா என்று உறுதிசெய்யுங்கள். கட்டண மானியம் கிடைக்கும் எல்லா வகுப்புக்கும் படித்தொகை கிடைப்பதில்லை.